நான்கு பழைய ஜீன்ஸ், ஒரு ஜாக்கெட்: பிரித்துத் தைத்ததில் தெரிந்த விலைக் கணக்கு

பழைய ஜீன்ஸைப் பிரித்துத் தைத்த ஜாக்கெட்டுக்கு, அதே தரத்தில் புதுத்துணியில் தைத்த ஜாக்கெட்டைவிட இரண்டு மூன்று மடங்கு விலை கேட்கிறார்கள். அந்த விலை தகுமா என்பதைக் கடைக் கண்ணாடி முன் நின்று முடிவு செய்ய முடியாது. வேலை எங்கே போகிறது என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். அதற்காகவே நான்கு பழைய ஜீன்ஸை முழுக்கப் பிரித்து, இடுப்புக்குச் சற்றுக் கீழே இறங்கும் நான்கு பாக்கெட் வேலை ஜாக்கெட் ஒன்று தைத்து முடித்தாயிற்று. நன்றாகவே வந்திருக்கிறது. எடை 1.2 கிலோ. வேலை நேரம் ஏறக்குறைய 24 மணி. அதில் பாதிக்கு மேல், மெஷினில் நூல் கோர்ப்பதற்கு முன்பே செலவாகிவிட்டது. விலைக் கேள்விக்கான பதிலில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது.

எந்த ஜீன்ஸ் தேறும்

முதல் சல்லடை லேபிள்தான். 100 சதவீதம் பருத்தி என்றால் மட்டும் உள்ளே வரலாம். எலாஸ்டேன் என்ற நீளும் இழை 1 சதவீதம் இருந்தாலும் ஒதுக்கிவிடுவது நல்லது. லேபிள் அழிந்திருந்தால், கால் முனை மடிப்பிலிருந்து, குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒன்றை உருவி, முறுக்கைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். பஞ்சு இழைகளுக்கு நடுவே கண்ணாடி மாதிரி மெல்லிய ஓர் இழை தனியாக நீண்டு, விட்டதும் சுருண்டுகொண்டால் அது ஸ்ட்ரெச் துணி. சூடும் குளோரினும் பட்டுப்பட்டு அந்த இழை உள்ளேயே அறுந்துகொண்டிருக்கும். வெளியே துணி முழுதாகத் தெரியும், ஆனால் இழுத்த இடம் திரும்பாது. அதோடு, ஸ்ட்ரெச் துணியையும் சாதாரண டெனிமையும் பக்கம் பக்கமாகத் தைத்தால் துவைக்கத் துவைக்க இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கும். அரை மீட்டர் நீளத்தில் இரண்டு பட்டைகளைச் சேர்த்துத் தைத்து, வெந்நீரில் துவைத்துக் காயவைத்தாலே தையல் கோடு அலை அலையாக எழும்பி நிற்பதைப் பார்க்கலாம். எந்த இஸ்திரியும் அதைப் படிய வைக்காது.

அடுத்தது கனம். டெனிமை அவுன்ஸில் சொல்வார்கள். ஒரு சதுர கஜத்துக்கு 1 அவுன்ஸ் என்றால் சதுர மீட்டருக்கு 33.9 கிராம். ஜாக்கெட்டுக்கு 12 முதல் 14 அவுன்ஸ், அதாவது 400 முதல் 475 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) வரை பொருத்தம். பழைய துணியில் இதை அளப்பது சுலபம். பிரித்த பிறகு ஒரு பகுதியை நேரான செவ்வகமாக வெட்டி, சமையலறைத் தராசில் நிறுத்தி, கிராமைச் சதுர மீட்டர் பரப்பால் வகுத்தால் போதும். 20 செ.மீ.க்கு 50 செ.மீ. துண்டு 44 கிராம் இருந்தால் 440 ஜி.எஸ்.எம். நான்கு ஜீன்ஸில் மூன்று 430-க்கும் 460-க்கும் நடுவில் வந்தன. நான்காவது 350 தான். அதை ஜாக்கெட்டின் உடலில் சேர்க்காமல் பாக்கெட்டின் உட்பக்கத்துக்கும் காலரின் அடிப்பக்கத்துக்கும் ஒதுக்கியாயிற்று. அடுத்தடுத்து வரும் இரண்டு துண்டுகளின் கனத்தில் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. மெல்லியது சுருங்கி நிற்கும், இழுவிசை வந்தால் தையல் ஓரத்தில் முதலில் கிழிவதும் அதுதான்.

தேய்மானத்தைக் கண்டுபிடிப்பதற்கு வெளிச்சம் வேண்டும். டெனிம் நெசவில் நீலச் சாயம் ஏற்றிய, நெடுக்கே ஓடும் பாவு நூல் மூன்று ஊடை நூல்களுக்கு மேலே போய் ஒன்றின் அடியில் நுழைகிறது. அதனால் வெளிப்பக்கம் முழுக்கப் பாவுதான். உரசலில் முதலில் தேய்வதும் அதுவே. ஒரு இடத்தில் வெள்ளை நூல்கள் படுக்கைவாட்டில் தெரிய ஆரம்பித்துவிட்டால், பாதி நெசவு ஏற்கெனவே போய்விட்டது என்று பொருள். தொடைகளின் உட்புறம், கவட்டை, முழங்கால், பின்பாக்கெட்டின் மேல்முனை, கால் முனையின் பின்பக்கம் ஆகிய ஐந்து இடங்களும் எந்த ஜீன்ஸிலும் சந்தேகத்துக்குரியவை. ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மெலிந்த இடம் வெளுத்துத் தெரியும். அந்த எல்லையைச் சாக்பீஸால் வட்டமிட்டு, வட்டத்துக்கு வெளியே இன்னும் 2 செ.மீ. தள்ளிக் கழித்துவிட வேண்டும்.

ஏமாற்றும் துணி ஒன்று உண்டு. தொழிற்சாலையிலேயே பியூமிஸ் கல் போட்டும், பெர்மாங்கனேட் தெளித்தும் "பழசாக்கிய" ஜீன்ஸ். பார்வைக்கு நல்ல பழைய டெனிம் போல இருக்கும். ஆனால் வெளுத்த இடத்தில் இழையே பலவீனமாகியிருக்கும். இதற்கு ஒரு சோதனை: 5 செ.மீ. அகல இரண்டு துண்டுகளைச் சேர்த்து ஒரு வரி தைத்து, இரு கையாலும் பலமாக இழுக்க வேண்டும். ஊசித்துளைகள் நீள்வட்டமாக விரிந்தால் அந்தத் துணி பாக்கெட்டுக்குக்கூட ஆகாது.

அளவைப் பொறுத்தவரை, பெரிய இடுப்பு, நேரான அகலக் கால் உள்ள ஜீன்ஸே லாபம். ஒட்டிப்பிடிக்கும் ஜீன்ஸின் கெண்டைக்கால் பகுதியில் 15 செ.மீ. அகலம்கூடத் தேறாது. நேர்க்கால் ஜீன்ஸ் ஒன்றில் சுமார் 1.2 சதுர மீட்டர் துணி இருக்கிறது. தேய்ந்த இடம், பழைய தையல், ரிவெட் (பாக்கெட் மூலையில் அடிக்கும் உலோகக் குமிழ்) ஓட்டை எல்லாம் போக 0.6 முதல் 0.7 வரைதான் கையில் நிற்கும். ஜாக்கெட்டுக்கு 2.3 சதுர மீட்டர் வேண்டும். நான்கு ஜீன்ஸ் ஏன் என்பதற்கு இதுதான் கணக்கு.

பிரிப்பது

கருவிகள் கொஞ்சம்தான்: கூரான தையல் பிரிப்பான் இரண்டு (ஒன்று மழுங்கியதும் மாற்ற), நூல் வெட்டும் சிறு கத்தரி, ரிவெட்டுக்கு நிப்பர், பஞ்சு தட்ட விறைப்பான பிரஷ், மேசை விளக்கு. மழுங்கிய பிரிப்பானைப் பிடிவாதமாக வைத்துக்கொண்டால் நூலுக்குப் பதில் துணி கிழியும்.

பின்பாக்கெட், பெல்ட் வளையம், இடுப்புப் பட்டி, பிறகு உட்கால் தையல், கடைசியில் யோக்கும் (பின்பக்கம் இடுப்புப் பட்டிக்குக் கீழே வரும் துண்டு) பின்கவட்டைத் தையலும் என்ற வரிசையில் போனால் துணி எப்போதும் தட்டையாக மேசைமேல் கிடக்கும். உட்காலும் யோக்கும் பெரும்பாலும் செயின் ஸ்டிட்ச். அதை ஒவ்வொரு தையலாக அறுக்கத் தேவையில்லை. உட்பக்கம் சங்கிலி போலத் தெரியும் நூலை, தையல் முடிந்த முனையில் விடுவித்து இழுத்தால் சரசரவென்று முழு நீளமும் கழன்று வரும். இழுத்து வரவில்லை என்றால் முனை மாறிவிட்டது, எதிர்முனையில் தொடங்க வேண்டும். லாக் ஸ்டிட்ச் (மேல் நூலும் பாபின் நூலும் பின்னும் சாதாரண மெஷின் தையல்) அப்படி வராது. ஒரு பக்கம் நான்கைந்து தையலுக்கு ஒன்றாக அறுத்துக்கொண்டு போய், மறுபக்க நூலை ஒரே இழுப்பாக எடுக்க வேண்டும்.

வெளிக்கால் தையல் பெரும்பாலும் ஓவர்லாக் (பிசிறு வராமல் ஓரத்தைச் சுற்றிப் பின்னும் தையல்). இதைப் பிரிக்க உட்கார்ந்தால் ஒரு காலுக்கு இருபது நிமிடம் ஆகிறது, கிடைப்பதோ 1 செ.மீ. துணி. கத்தரியால் ஓரமாக வெட்டிவிடுவதே சரி. விதிவிலக்கு ஒன்று உண்டு. ஷட்டில் தறியில் நெய்த பழைய டெனிம் என்றால் வெளிக்கால் ஓரத்தில் ஓவர்லாக்குக்குப் பதில் துணியின் சொந்தக் கரையே இருக்கும், பெரும்பாலும் சிவப்பு நூல் ஓடும். அதைப் பொறுமையாகப் பிரித்து வைத்தால் ஜாக்கெட்டின் முன்பட்டிக்கு மடிக்காமலே முடிந்த ஓரம் கிடைக்கிறது.

ரிவெட்டில்தான் கை நோகும். ஜேக்கப் டேவிஸும் லெவை ஸ்ட்ராஸும் 1873 மே 20 அன்று ரிவெட்டுக்குக் காப்புரிமை வாங்கியதே, பாக்கெட் மூலை எந்த இழுப்புக்கும் பிரியக்கூடாது என்பதற்காக. நிப்பரால் பின்பக்கத் தொப்பியைச் சுற்றிக் கடித்துக் கழற்றினாலும் 5 மி.மீ. ஓட்டை மிஞ்சும். அந்த மூலையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடலாம். முன்பக்க உலோக பட்டனும் அப்படித்தான். அதன் ஆணி உள்ளே வளைந்து பிடித்திருப்பதால் கழற்றினால் மறுபடி அடிக்க முடியாது. புதிதாக வாங்க வேண்டியதுதான்.

உட்கால் தையலைத் திறந்ததும் ஒரு காட்சி தெரியும். மடிப்புக்குள் இருந்த 1 செ.மீ. பட்டை, துணி புதிதாக இருந்தபோது இருந்த அதே கருநீலத்தில் இருக்கும். அதன் இருபுறமும் ஊசித்துளைகள் இரண்டு வரிசை. மடிப்பு நெடுக நீலப் பஞ்சுத் தூசி திரி போல அடைந்திருக்கும். பிரஷ் போட்டுத் தட்டாமல் துவைத்தால் அது அப்படியே கெட்டியாகிவிடும். இந்தக் கருநீலப் பட்டையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் ஒரு ஜாக்கெட் உண்மையிலேயே பிரித்துத் தைத்ததா என்று சொல்லக்கூடிய அடையாளம் இதைவிட வேறில்லை.

ஒரு ஜீன்ஸுக்கு ஒன்றரை மணி நேரம். நான்குக்கு ஆறு.

துவைத்து நேராக்குவது

பிரித்த பிறகுதான் துவைக்க வேண்டும், அதற்கு முன்பல்ல. மடிப்புக்குள் இருக்கும் அழுக்கு அப்போதுதான் போகும். 60 டிகிரி வெந்நீரில், அடர்த்தியும் வெளிறலும் தனித்தனியாக. புதிதாகச் சேர்க்கப்போகும் துணியும் (பட்டன் பட்டிக்குள் வைக்கும் கேன்வாஸ், கழுத்துக்கான பருத்தித் துணி) இதே நீரில் போக வேண்டும். பழைய டெனிம் சுருங்க வேண்டிய அளவு ஏற்கெனவே சுருங்கிவிட்டது, புதுத் துணி இன்னும் சுருங்கவில்லை.

காய்ந்ததும் நீராவி இஸ்திரி. இங்கே கவனிக்க வேண்டியது துணியின் இழை ஓட்டம். டெனிம் ட்வில் நெசவு (சாய்வுக் கோடு விழும் நெசவு) என்பதால் கால்கள் துவைக்கத் துவைக்க ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்கின்றன. பிரித்த காலின் ஓரத்தை நேர்க்கோடு என்று நம்பி வெட்டினால் ஜாக்கெட்டின் முன்பக்கம் துவைத்த பிறகு சாயும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு ஊடை நூலை உருவி, அது விட்ட கோட்டுக்குச் செங்குத்தாகச் சாக்பீஸில் அம்புக்குறி போட வேண்டும். இதைத் தவிர்க்க எந்தக் குறுக்குவழியும் இல்லை. கூடவே, ட்வில் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்றும் பார்த்துக் குறித்துவிட வேண்டும். பெரும்பாலான டெனிம் வலப்பக்கம் ஏறும். சில இடப்பக்கம் ஏறும். இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தால் ஒரே நீலமும் வெளிச்சத்தில் இரண்டாகத் தெரியும், முறுக்கும் எதிரெதிராக இழுக்கும்.

துவைத்து, இஸ்திரி போட்டு, நிறுத்து, தேய்மானம் பார்த்துக் குறிப்பதற்குக் காயும் நேரம் நீங்கலாக நான்கு மணி நேரம் பிடித்தது. சலிப்பான நான்கு மணி நேரம். ஆனால் ஜாக்கெட்டின் ஆயுள் இங்கேதான் முடிவாகிறது.

வெட்டுவது

எல்லாரும் முதலில் யோசிப்பது, துண்டுகளை எல்லாம் சேர்த்துத் தைத்து ஒரு பெரிய துணியாக்கி, அதன்மேல் பேட்டர்னை (வெட்டுவதற்கான காகித அளவு) வைத்து வெட்டலாம் என்பதைத்தான். ஒரு முன்பக்கத்துக்கு அப்படிச் செய்து பார்த்ததில், இணைப்பு ஒன்று நேராக, ஸ்லீவ் சேரும் ஆர்ம்ஹோல் வளைவிலும் இன்னொன்று காலர் முனையிலும் போய் விழுந்தது. மடக்குத் தையல் (ஓரத்தை உள்ளே மடக்கி இரண்டு வரி அடிப்பது) ஒன்றில் நான்கு அடுக்குத் துணி இருக்கிறது. அப்படி இரண்டு தையல்கள் குறுக்கே சந்தித்தால் கணக்குப்படி பதினாறு அடுக்கு. 0.8 மி.மீ. தடிமனுக்கு 12 மி.மீ.க்கு மேல் போகிறது. வீட்டு மெஷினின் பாதம் சாதாரணமாக 5, 6 மி.மீ.தான் உயரும். ஊசி உடையும், இல்லையென்றால் தையல் தாவும். அந்த முன்பக்கத்தை மறுபடி பிரிக்க வேண்டியதாயிற்று.

சரியான வழி தலைகீழ். கையில் இருக்கும் துண்டின் அகலம் எவ்வளவு என்று முதலில் அளந்து, அதற்கு ஏற்பப் பேட்டர்னைப் பிரிக்க வேண்டும். பின்காலில் அதிகபட்சம் 28 முதல் 30 செ.மீ. சுத்தமான அகலம் கிடைக்கிறது. அதனால் ஜாக்கெட்டின் முதுகு மூன்று நெடும்பகுதியும் மேலே, தோளை ஒட்டி ஒரு யோக்கும். முன்பக்கம் ஒவ்வொன்றும் இரண்டு பகுதி, இணைப்பு பாக்கெட்டுக்கு அடியில் மறைகிற மாதிரி. ஸ்லீவ் இரண்டு பகுதியாக வரும் பேட்டர்ன், கால் துண்டுக்கு இயல்பாகவே பொருந்துகிறது. எந்த இணைப்பும் ஆர்ம்ஹோலிலிருந்தும் கழுத்திலிருந்தும் குறைந்தது 3 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். எதிரெதிர் இணைப்புகள் சந்திக்கிற இடத்தில் 1 செ.மீ.யாவது விலக்கி வைக்க வேண்டும்.

பழைய ஊசித்துளை வரிசை இன்னொரு சிக்கல். அஞ்சல்தலையின் ஓரம் கிழிவது போலத் துணி அந்தக் கோட்டிலேயே கிழியப் பார்க்கும். துளை வரிசை புதுத் தையலின் ஓரத்துக்குள் விழுந்துவிட்டால் கவலையில்லை. துண்டின் நடுவில் வந்தால் அடியில் 3 செ.மீ. அகலப் பருத்திப் பட்டை வைத்து இரு பக்கமும் தைத்துவிட வேண்டும்.

நிறத்தை அடுக்குவதில் என் விருப்பம் இது: அடர்ந்த நீலம் காலருக்கும் கஃப்புக்கும், ஏனென்றால் அவைதான் இனி வெளுக்கப்போகின்றன. வெளிறியது யோக்குக்கும் தோளுக்கும். முன்பக்கம் இரண்டும் ஒரே ஜீன்ஸின் இடது, வலது கால்களிலிருந்து. அப்படி வைத்தால் ஒட்டுப்போட்ட தோற்றம் போய், நிதானமாக வயதான உடை மாதிரி இருக்கிறது. பல நிறத்தைக் கண்டபடி கலப்பது பார்ப்பவரைக் கவர்வதற்கு மட்டும்தான். இரண்டாவது வருடம் அதைப் போட்டுக்கொள்ளத் தோன்றாது. வெட்ட மூன்று மணி நேரம்.

தைப்பது

இணைப்புத் தையலுக்கு 100/16 ஜீன்ஸ் ஊசி, டிக்கெட் 75 கோர்-ஸ்பன் பாலியஸ்டர் நூல் (டிக்கெட் என்பது நூலின் பருமன் எண், எண் குறைந்தால் நூல் தடிக்கும்), தையல் நீளம் 3 மி.மீ. மேல்தையலுக்கு 110/18 ஊசி, மேலே டிக்கெட் 36, பாபினில் டிக்கெட் 75, நீளம் 3.5 மி.மீ., அதாவது அங்குலத்துக்கு ஏழு. தடித்த நூலைப் பாபினிலும் போட்டால் வீட்டு மெஷினில் அடியில் கூடு கட்டும். மேல் டென்ஷனைச் சற்று ஏற்றி, அதே அடுக்குள்ள ஒரு துண்டில் சரிபார்த்த பிறகே ஜாக்கெட்டைத் தொட வேண்டும்.

மடக்குத் தையலுக்கு இரு பக்கமும் 1.5 செ.மீ. விட்டு, தைத்தபின் ஒரு பக்கத்தை 6 மி.மீ.க்கு வெட்டி, அகலமான பக்கத்தை அதன்மேல் மடக்கி, இஸ்திரி போட்டு, இரண்டாவது வரி அடிக்க வேண்டும். இஸ்திரி போடாமல் விரலால் மடக்கிக்கொண்டே தைத்தால் மடிப்பு 8 மி.மீ.யில் தொடங்கி 5-இல் முடியும். குறுகிய இடத்தில் ஓரம் பிடிபடாமல், துவைத்ததும் பிசிறு வெளியே வரும். விலை அதிகமுள்ள ஜாக்கெட்டுகளிலும் இந்தக் குறையைப் பார்த்திருக்கிறேன்.

தடித்த சந்திப்பில் மூன்று வேலை. முதலில் அந்த இடத்தை மர மேசைமேல் வைத்துச் சுத்தியலால் நன்றாகத் தட்டினால் கால்வாசித் தடிமன் அடங்கும். பிறகு பாதம் மேட்டில் ஏறும்போது பின்பக்கம் மடித்த டெனிம் துண்டை முட்டுக்கொடுத்துப் பாதத்தைச் சமமாக்க வேண்டும். கடைசியாக, கால் மிதியை விட்டுவிட்டுக் கைச்சக்கரத்தால் ஒவ்வொரு தையலாக நகர்த்த வேண்டும். வேகமாக ஓட்டினால் ஊசி வளைந்து கொக்கியைத் தவறவிடும். தாவிய தையலைப் பார்த்ததும் எல்லாரும் டென்ஷனைத் திருகுகிறார்கள். பெரும்பாலும் குற்றம் ஊசியில்தான். இந்தக் கனத்துக்கு ஒரு ஊசி எட்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

பாக்கெட் மூலைகளில் 8 மி.மீ. நீளத்துக்கு நெருக்கமான ஜிக்ஜாக். ரிவெட்டுக்குப் பதில் இது போதும். கழுத்து உட்புறம் மெல்லிய பருத்திச் சட்டைத் துணியில் சாய்வாக வெட்டிய பட்டை, அதாவது கிராஸ் பீஸ். பட்டன் பட்டிக்குள் கேன்வாஸ் ஒரு அடுக்கு கட்டாயம். உலோக பட்டனின் ஆணிக்குப் பிடிப்புத் தருவது அதுதான். காஜா, பட்டனைவிட 2 மி.மீ. நீளம், அதே அடுக்கில் ஒத்திகை பார்த்த பிறகு. தையலுக்கு ஒன்பதரை மணி நேரம், பட்டனுக்கும் காஜாவுக்கும் ஒன்றரை.

கணக்கு

இதே பேட்டர்ன், இதே மெஷின், புதுத் துணி என்றால்? பிரிப்பதும் தேர்ந்தெடுப்பதும் கிடையாது. வெட்ட ஒரு மணி நேரம், முதுகும் முன்பக்கமும் ஒரே துண்டாக வருவதால் தைக்க ஆறு, பட்டன் ஒன்றரை. எட்டரை மணி நேரம். ஆக, பழைய துணி ஜாக்கெட்டுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு உழைப்பு. பழகிய கை இரண்டையுமே பாதியாக்கிவிடும். விகிதம் மட்டும் பெரிதாக மாறாது. காரணம் எளியது: புதுத் துணியைப் பத்துப் பத்து அடுக்காக விரித்து ஒரே கத்தியில் வெட்டலாம். பழைய கால் துண்டு ஒவ்வொன்றும் வேறு அகலம், வேறு தேய்மானம், ஒவ்வொன்றாகத்தான் பார்த்து வெட்ட முடியும். எவ்வளவு பெரிய பட்டறையாக இருந்தாலும் இந்த இடத்தில் வேகம் கிடைக்காது.

எனவே, முழுக்கப் பிரித்து, துவைத்து, கனம் பார்த்துத் தைத்த உடைக்கு நல்ல புது ஜாக்கெட்டைப்போல இரண்டு மடங்கு கேட்டால் அது நியாயம். மூன்று மடங்கு என்றால் தையல் குறையில்லாமல் இருக்க வேண்டும். ஆனால் சந்தையில் இந்தப் பெயரில் வருவதில் பெரும்பகுதி இந்த வேலையே அல்ல. சில, முழு ஜீன்ஸையோ சட்டையையோ நறுக்கி மேலே நான்கு ஒட்டுத்துண்டு வைத்தவை. பழைய உடையின் விலைக்கு மேல் ஒரு மணி நேரக் கூலி கொடுத்தால் அதிகம். இன்னும் சில, தையலைப் பிரிக்காமல் அதன் ஓரமாகவே கத்தரி போட்டு எடுத்த துண்டுகளில் தைத்தவை. உட்கால் மேடு அலங்காரம்போல நடுவில் ஓடும். இது கெட்ட வேலை அல்ல, வலுவாகவும் இருக்கும். ஆனால் இதற்குப் புது ஜாக்கெட்டின் விலையே சரி.

எந்த வகை என்று கண்டுபிடிக்க உடையை உட்புறம் திருப்ப வேண்டும். கருநீலப் பட்டையும் துளை வரிசையும் எங்காவது தெரிந்தால் பிரித்த துணி. பாக்கெட் உள்ளே கைவிட்டு மூலையை வெளிச்சத்தில் பாருங்கள், படுக்கை வெள்ளை நூல் தெரிகிறதா என்று. அடுத்தடுத்த இரண்டு துண்டுகளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டினால் கன வித்தியாசம் தெரியும். மடக்குத் தையலின் அகலம் முழு நீளமும் ஒன்றாக இருக்கிறதா? தோளைப் பிடித்துத் தொங்கவிட்டால் கீழ் ஓரம் நேராக நிற்கிறதா, ஒரு பக்கம் முறுக்குகிறதா? முறுக்கினால் இழை ஓட்டம் பார்க்காமல் வெட்டியது. அதை எந்த விலைக்கும் வாங்கத் தேவையில்லை.

இதே கண்ணோடு புது உடைகளையும் பார்க்கலாம். 430 ஜி.எஸ்.எம். பருத்தி டெனிம், உள்ளே ஓவர்லாக் பிசிறு தெரியாத மடக்குத் தையல், பாக்கெட் மூலையில் அழுத்தமான பிடிப்பு, பட்டனுக்கு அடியில் கூடுதல் அடுக்கு இவை நான்கும் இருக்கிற புது ஜாக்கெட், சுமாராகத் தைத்த மறுதையல் உடையைவிட நிச்சயம் அதிக நாள் உழைக்கும்.

"விண்டேஜ்" என்ற சொல்லுக்கு வாங்கும் கூடுதல் விலையைத் தனியாகப் பார்க்க வேண்டும். பழைய உடையின் காலத்தைச் சொல்லும் அடையாளங்கள் உண்மையில் உண்டு. லெவைஸின் சிவப்புத் துணிப்பட்டையில் பெயர் முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் (LEVI'S) இருந்தது 1971 வரை. அமெரிக்க உடைகளில் துவைக்கும் முறை சொல்லும் லேபிள் கட்டாயமானது 1972-இல். ஷட்டில் தறி டெனிமுக்குப் பெயர்போன, அமெரிக்காவின் கிரீன்ஸ்போரோவிலிருந்த கோன் மில்ஸின் ஒயிட் ஓக் ஆலை 2017 கடைசியில் மூடப்பட்டது. ஆனால் இந்த மதிப்பெல்லாம் முழுதாக இருக்கும் உடைக்கு. பிரித்த நொடியிலேயே அது போய்விடுகிறது. துண்டு ஜாக்கெட்டின் மார்பில் பழைய லேபிளை ஒட்டித் தைத்து அதற்கு விலை கேட்பது, இல்லாத ஒன்றுக்குக் கேட்பது. அதைவிட வருத்தம், அந்த லேபிளுக்காக நல்ல நிலையில் இருக்கும் பழைய ஜீன்ஸை வெட்டுவது. கவட்டை கிழிந்து, முழங்கால் போய், போட்டுக்கொள்ள முடியாதபடி ஆனதை மட்டும்தான் கத்தரியிடம் கொடுக்க வேண்டும்.

அடுத்த முறை

முதல் துவைப்பில் நீளம் அரை சென்டிமீட்டர் குறைந்தது, தையல் எங்கும் எழும்பவில்லை. மாற்ற வேண்டியவை மூன்று. நான்கு நடுத்தர அளவு ஜீன்ஸுக்குப் பதில் மூன்று பெரிய அளவு. துணி அதேதான் கிடைக்கும், பிரிக்கும் நேரம் ஒன்றரை மணி குறையும். ஸ்லீவை ஆர்ம்ஹோலில் மடக்குத் தையலால் இணைத்தது தோளில் தடித்து நிற்கிறது. அங்கே சாதாரணத் தையல் போட்டு, உள் ஓரத்தைச் சட்டைத் துணியின் கிராஸ் பீஸால் மூடி, வெளியே ஒரு வரி அடித்தால் போதும். காலரின் அடிப்பக்கத்துக்கு 350 ஜி.எஸ்.எம். டெனிம்கூடக் கனம்தான், மடிப்பில் விறைத்துக்கொள்கிறது. ஆக்ஸ்போர்டு சட்டைத் துணி, 150 ஜி.எஸ்.எம். அளவில், சரியாக மடங்கும். பிரித்தபோது மிஞ்சிய நான்கு இடுப்புப் பட்டிகளும் இரட்டை அடுக்காக, சுருங்கி முடிந்து, நேராக இருக்கின்றன. அவற்றை முன்பட்டியின் உள்ளே வைத்தால் கேன்வாஸ் வாங்கவே தேவையில்லை. நீளம் போதவில்லையென்றால் இணைப்பு இரண்டு காஜாக்களுக்கு நடுவில் வரும்படி அளந்துகொள்ள வேண்டும்.